மாங்காய் சீசன் முடியட்டும் என்றாள் அக்கா

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானபோது வயது 46. ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும் ஓடுகிறது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாந்தோப்பும் கறவை மாடுகளுமாக இருக்கிற குடும்பம் அவளுடையது. நான் கிருஷ்ணகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். இதை எழுதச் சொன்னதே அக்காதான். "எம் பேரு போடாத. மத்ததெல்லாம் எழுது பாப்பா. ஒருத்தியாவது சீக்கிரமா போய்க் காட்டுவா" என்றாள்.

அக்கா பத்தாவது வரை படித்தவள். மார்பில் கட்டி தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. அது எப்படி ஓடியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இப்படித்தான் ஓடுகிறது.

பொங்கல் முடிந்த வாரம் குளிக்கும்போது சோப்புக் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. இடது பக்கம், மேலே, அக்குளை ஒட்டிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஏதோ ஒன்று. அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. அடுத்த மாசம் மாசித் திருவிழா, குலதெய்வம் கோயிலில் அவர்கள் வீட்டு முறை. பந்திக்கு ஆள் சொல்லி, உறவுக்கெல்லாம் துணி எடுத்து முடிப்பதற்குள் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை வந்துவிட்டது. காலையில் நாலு மணிக்கு எழுந்து டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை முடிந்ததும் சித்திரை. எங்கள் மாவட்டத்தில் சித்திரை முதல் ஆடி வரைக்கும் தோப்புக்காரர்கள் வீட்டில் யாருக்கும் சொந்த வேலை என்று ஒன்று கிடையாது. செந்தூரா முதலில் இறங்கும், கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா கடைசி வரை இழுக்கும். ராத்திரியில் லோடு ஏற்றுவார்கள். ஆளுக்குச் சோறு பொங்குவது, காய் தரம் பிரிப்பது, கூலிக் கணக்கு எல்லாம் அக்கா. "மாங்கா சீசன் முடியட்டும், போலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சீசன் முடிந்தபோது ஆடி பாதி. ஆடியில் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க வேண்டாம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார்.

இதில் எந்தக் காரணத்தையும் நான் சின்னதாக்கிப் பேச மாட்டேன். ஒவ்வொன்றும் நியாயமானதுதான். குடும்பத்துக்காக உழைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதே வரிசையில் சொல்வாள். ஆனால் கட்டிக்கு இந்த வரிசை தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தாள். பழைய அளவில் தைத்திருந்ததைப் போட்டுப் பார்த்தபோது இடது பக்கம் அக்குளில் மட்டும் பிடித்தது. "கொஞ்சம் பிரிச்சு விடு" என்றவள், ஊக்கை மாட்டிக்கொண்டே, "அங்க ஒரு கட்டி இருக்கு பாப்பா. வலியெல்லாம் இல்ல" என்றாள். அதே வாரம் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

தையல்காரியாக ஒன்று சொல்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கிற பெண் அபூர்வம். சின்ன வித்தியாசம் பிறவியிலேயே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். போன வருஷம் சரியாக இருந்த பிளவுஸ், உடம்பு ஏறாமலேயே ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது அல்லது தொளதொளக்கிறது என்றால் அதைக் கவனியுங்கள். இப்போதெல்லாம் அப்படி யாராவது சொன்னால் நான் தையலைப் பிரித்துக் கொடுப்பதோடு நிறுத்துவதில்லை, கட்டாயம் கேட்டுவிடுகிறேன்.

வலி இல்லாததுதான் அக்காவை ஏமாற்றியது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன்னால் மார்பு கனத்து வலிப்பது பல பெண்களுக்கு வழக்கமானது, அதற்குப் பெரும்பாலும் ஹார்மோன்தான் காரணம். வலிக்கிற இடத்துக்குத் தைலம் தேய்த்து டாக்டரிடம் ஓடுகிறோம், வலிக்காததை விட்டுவிடுகிறோம். டாக்டர் அக்காவிடம் வேறு என்னவெல்லாம் கேட்டார் என்று நான் குறித்து வைத்திருந்தேன்: காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிகிறதா, தோல் குழி விழுந்தோ தடித்தோ சிவந்தோ இருக்கிறதா, காம்பைச் சுற்றி ஆறாத புண் இருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா. அக்காவுக்கு அக்குளில் இருந்தது.

இன்னொன்றும் அவர் சொன்னார். மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி, நீர்க்கட்டி மாதிரியானவைதான் அதிகம். அதனால் காட்டப் போவது என்றாலே கெட்ட சேதி கேட்கப் போவது என்று அர்த்தமில்லை. பெரும்பாலோர் நிம்மதியோடு திரும்புகிறார்கள்.

இங்கே நாங்கள் தப்பித்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த முதல் டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாதாரண கொழுப்புக் கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு இப்பவே எடுத்துடலாம், சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். மாமாவுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, அது சௌகரியமாகத் தோன்றியது. ஒரே நாளில் முடிகிறதே. நான்தான் ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். அன்றைக்கு அங்கே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு புற்றுநோய் டாக்டர் விளக்கினார். என்ன கட்டி என்று தெரியாமல் வெட்டினால் சுற்றியுள்ள ஓரத்தில் மிச்சம் நிற்கும், மறுபடி பெரிதாக ஆபரேஷன் செய்ய வேண்டிவரும், எந்த நிலை என்று கணக்கிடுவதும் குழம்பும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டுவிட்டால், அது புற்றுநோயா இல்லையா என்பதே தெரியாமல் போகும். அதனால் கட்டியை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் "பயாப்சி முடிவு வரட்டும்" என்று சொல்லுங்கள்; சதைத் துணுக்கு எடுத்து லேபில் பார்ப்பதுதான் பயாப்சி. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால் பரிசோதனை ரிப்போர்ட்டையும், லேபில் சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் (பிளாக்), கண்ணாடித் துண்டுகளையும் (ஸ்லைடு) கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அவற்றைத்தான் கேட்பார்கள்.

பயாப்சிக்கே எங்கள் வீட்டில் பெரிய தகராறு. "ஊசி பட்டா சீறிக்கிட்டுப் பரவிடும்" என்று அம்மா அழுதாள். ஊரில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி குத்தி, சில மாதத்தில் இறந்துபோனவர்களைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. ஊசியால் இறக்கவில்லை, முற்றியதால் இறந்தார்கள். அம்மாவை உள்ளே கூட்டிப் போய் டாக்டரையே பேசச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முடிவெடுப்பவர்கள் யாரோ அவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் டாக்டர் முன்னால் உட்கார வைத்தது பெரிய உதவி. அன்றைக்கு மட்டும் அம்மா, மாமா, மாமியார் மூன்று பேரும் உள்ளே வந்தார்கள்.

மாமோகிராம் (மார்பை எடுக்கும் எக்ஸ்ரே படம்), அல்ட்ராசவுண்ட், பிறகு கொஞ்சம் தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்சி. மரத்துப்போகச் செய்துதான் எடுக்கிறார்கள், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முடிவில் புற்றுநோய் என்று வந்ததும் அதே சதைத் துணுக்கில் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூன்று பரிசோதனை செய்தார்கள். இந்த மூன்றும் முக்கியம். முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை, பாசிட்டிவ் என்றால் பிற்பாடு ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்று தனி ஊசி மருந்து உண்டு. ஒரே மார்பகப் புற்றுநோய் என்றாலும் ஆளுக்கு ஆள் வைத்தியம் மாறுவது இதனால்தான். "பக்கத்து ஊர்ல அவங்களுக்கு கீமோவே தரல, உங்களுக்கு மட்டும் ஏன்" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்கிறேன். அக்காவுக்கு ஹார்மோன் இரண்டும் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். நிலை 2பி. கட்டி நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அக்குள் நெறியிலும் இருந்தது, வேறெங்கும் பரவவில்லை.

முடிவு வந்த அன்று அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள். "எனக்கு மட்டும் ஏன்?" உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-க்குப் போட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் அந்த ஒரு வருஷத்தில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது, சுமார் 98,000 பேர் இறந்திருக்கிறார்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோயே இதுதான். அக்காவுக்கு அந்த எண்ணிக்கையைச் சொன்னபோது அழுகை நின்று, "இத்தன பேரா, யாரும் சொல்லிக்கவே இல்லையே" என்றாள்.

எங்கே வைத்தியம் பார்ப்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம், அதனால் அங்கே இருக்கும் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றார்கள். அக்காவின் மச்சாண்டார் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி என்றார். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, ஏழைக்கும் பார்ப்பார்கள் என்ற நம்பிக்கை ஊரில் இன்னும் அப்படியே இருக்கிறது. கடைசியில் நாங்கள் சேலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒரு ஆஸ்பத்திரியைப் பிடித்தோம். பெரிய பேரைவிட, மாதக்கணக்கில் போய்வர முடிகிற தூரம் முக்கியம் என்பது என் அபிப்பிராயம். பாதியில் நிறுத்துவதுதான் இந்த நோயில் பெரிய ஆபத்து, தூரம் பலரை அப்படி நிறுத்த வைக்கிறது.

காப்பீட்டு அட்டையை நோய் வரும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. மூலம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தில் எல்லோருடைய ஆதார். இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் போட்டோ, கைரேகை எடுத்துப் பதிவு செய்வார்கள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அக்கா வீட்டு ரேஷன் கார்டில் பெயர் எழுத்து ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்ததால் அலைய வேண்டி வந்தது. நல்லா இருக்கும்போது இதைச் சரிபார்ப்பது அரை நாள் வேலை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது பெரிய சுமை. அட்டை இருந்தாலும் பஸ், சாப்பாடு, கூடப் போகிறவரின் கூலி இழப்பு எல்லாம் நம் கையிலிருந்துதான். மாமா அந்த வருஷம் தோப்பைப் பூவிலேயே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். விலை குறைவுதான், ஆனால் முன்பணம் கிடைத்தது, சீசனில் அக்காவுக்கு வேலையும் இல்லை. ரயிலில் போகிறவர்களுக்கு, ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றைக் காட்டினால் புற்றுநோயாளிக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட்டில் பெரிய சலுகை உண்டு.

ஆபரேஷனில் மார்பை முழுக்க எடுத்தார்கள். சிறிய கட்டி என்றால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைத்தே சரிசெய்யலாம், ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அது கடந்துவிட்டிருந்தது. பொங்கலிலேயே போயிருந்தால் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது அக்குளிலிருந்து ஒரு குழாய், அதன் முனையில் நீர் சேரும் டப்பா. அதைக் காலையும் மாலையும் காலி செய்து எத்தனை மில்லி என்று எழுத வேண்டும். முதல் நாள் நான் செய்தேன். மறுநாள் காலையில் மாமா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "நீ கடையைப் பாரும்மா, எனக்குக் காட்டிக் கொடு" என்றார். மகளின் கணக்கு நோட்டில் கோடு போட்டு அவரே அளவு எழுதிவைத்தார். ஆண்கள் இதையெல்லாம் செய்ய மாட்டார்கள் என்று நினைத்து நாம்தான் சொல்வதில்லை. சொல்லிக்கொடுத்தால் செய்கிறார்கள்.

பிறகு கீமோ. 21 நாளுக்கு ஒருமுறை. முதல் நாலு தடவை சிவப்பு மருந்து. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் வளைவுகளில் அவளுக்குக் குமட்டும், பஸ்ஸில் முன்சீட்டு, பிளாஸ்டிக் கவர், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணி என்று பழகிக்கொண்டோம். வாந்திக்கு மாத்திரை தருவார்கள், வாந்தி வந்த பிறகு போடாமல் சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போட வேண்டும். தாளிப்பு வாசனை ஆகாது. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடித்தது மட்டும் நின்றது. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில் அடிக்கடி கொப்பளிக்கச் சொன்னார்கள். யாரோ ஒருவர் இலைச்சாறு கொண்டுவந்தார், இன்னொருவர் சூரணம். அன்போடு கொடுத்ததுதான். ஆனால் கீமோ ஓடும்போது டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது, ஈரலைப் பாதிக்கலாம்.

கீமோவில் நாங்கள் கற்ற பெரிய பாடம் காய்ச்சல். மருந்து ஏற்றி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும். அந்த நாட்களில் 100.4 டிகிரி தொட்டால் மாத்திரை போட்டுப் போர்த்திப் படுக்கக் கூடாது, ராத்திரி எந்நேரமானாலும் ஆஸ்பத்திரிதான். அக்காவுக்கு ஒரு ராத்திரி அப்படி வந்தது. மாமா 108-க்குப் போன் போட்டு, பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கீமோ அட்டையை நீட்டி, "கேன்சர் மருந்து ஏத்தியிருக்கோம், காய்ச்சல்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொன்னார். உடனே ரத்தம் எடுத்து, கிருமி எதிர்ப்பு ஊசி போட்டார்கள். வீட்டில் தெர்மாமீட்டர், கீமோ அட்டை, ஆஸ்பத்திரி நம்பர் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வீட்டில் சளி இருமல் உள்ளவர்கள் எதிரில் வராமல் இருக்கட்டும், சாப்பாடு சூடாக இருக்கட்டும், பழம் என்றால் கழுவித் தோல் சீவி.

முடி கொட்ட ஆரம்பித்ததும் அக்கா தானாகவே மொட்டை போட்டுக்கொண்டாள். கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்ப்பதைவிட அது மேல் என்றாள். பால் ஊற்ற சொசைட்டிக்குப் போனபோது ஒரு பெரியம்மா, "திருப்பதிக்கா போய்ட்டு வந்த?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தோம், மகளுக்கு வரன் பார்க்கிற வயது வந்துகொண்டிருக்கிறது என்று மாமியாருக்குப் பயம். அக்கா, "இல்லம்மா, மார்ல கேன்சர், வைத்தியம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் ஒரே சண்டை. மகள்தான் முடித்துவைத்தாள்: "எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சு வேண்டாம்னு சொல்றவன் எனக்கு வேண்டாம்." மறுநாள் சாயந்திரத்திலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி கட்டியைக் காட்டினாள். ஒருத்தி காம்பில் நீர் வருவதைச் சொன்னாள். ஒரு பாட்டி, தன் தங்கை புண் வைத்துப் புழு வைத்துச் செத்ததை முதல்முறையாகச் சொல்லி அழுதார். கட்டியோடு வந்தவளுக்கு நார்க்கட்டி, பயமில்லை என்று வந்துவிட்டது.

இது ஒட்டுவாரொட்டி கிடையாது என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள், வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. வேதனையாக இருந்தது. கூடப் படுத்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ புற்றுநோய் வராது.

டாக்டர் குடும்ப வரலாறு கேட்டபோது எங்களுக்கே தெரியாத ஒன்று வெளியே வந்தது. அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது "நெஞ்சுப் புண்"ணில் செத்துப்போனார் என்றுதான் கேள்வி. அம்மாவை உட்கார வைத்துக் கேட்டால், மார்பில் கட்டி வந்து உடைந்து போனதாம். அப்பா வழியில் வந்தால் நமக்கு வராது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை, அப்பா வழியாகவும் வரும். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை பரம்பரை மரபணுக் குறையால் வருபவை என்றார் டாக்டர். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்கிற மரபணுக்கள் அதில் முக்கியமானவை. ஆண்களும் அதைச் சுமக்கலாம், அரிதாக ஆண்களுக்கே மார்பகப் புற்றுநோய் வருவதும் உண்டு. அக்காவுக்கு அந்தப் பரிசோதனை செய்தோம், குறை எதுவும் இல்லை என்று வந்தது. அப்படி வந்தாலும் அவள் மகளும் நானும் கவனமாக இருக்க வேண்டும் என்பது மாறவில்லை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்: இரண்டு பக்கத்திலும் யாருக்கு, எந்த வயதில், மார்பிலா கருப்பையிலா சூலகத்திலா. எந்த வயதில் என்பது முக்கியம், நமக்கு எப்போது பரிசோதனை தொடங்குவது என்று டாக்டர் அதை வைத்தும் முடிவு செய்வார்.

அக்குள் நெறிகளை எடுத்துவிட்டதால் அக்காவின் இடது கைக்குத் தனிக் கவனிப்பு. நீர் கோத்து வீங்கிவிடக் கூடாது. அந்தக் கையில் ஊசி, பி.பி. பட்டை வேண்டாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மேலே ஏறுகிற பயிற்சி தினமும். எட்டிய இடத்தில் கரித்துண்டால் கோடு போடுவாள், திண்ணைச் சுவரில் அந்தக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கின்றன. எங்கள் பக்கத்துக்கென்று ஓர் எச்சரிக்கை: மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் தோலைப் பொத்துவிடும், அருவாள் கீறலும் சாதாரணம். ஆபரேஷன் செய்த கையில் அப்படிப் புண் வந்து சீழ் பிடித்தால் வீக்கம் வரும். அதனால் இப்போது தோப்புக்குப் போனால் மாமாவின் முழுக்கைச் சட்டை, கையுறை. குடத்தை இடது பக்கம் எடுப்பதில்லை.

மார்பு எடுத்த வெற்றுப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் ஒரு சின்னத் திண்டு தைத்துக்கொடுத்தேன். மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சு வைத்துப் பார்த்தால் எடை இல்லாமல் மேலே ஏறிவிடுகிறது. நடுவில் சின்னப் பையாகத் தினையை அடைத்தேன், நின்றது. துவைக்கும்போது தினைப் பையை மட்டும் உருவிவிடலாம். பிளவுஸின் உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்து அதில் செருகிக்கொள்கிற மாதிரி. சேலத்தில் அக்காவோடு கீமோவுக்கு வந்த பெண்கள் சிலருக்கும் அளவெடுத்துத் தைத்தேன். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

இப்போது அவள் தினமும் டாமாக்சிஃபென் மாத்திரை போடுகிறாள், குறைந்தது ஐந்து வருஷம். ஒன்றும் இல்லையே என்று நடுவில் நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வழக்கத்துக்கு மாறாக ரத்தப்போக்கு இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஆரம்ப சுகாதார நிலையம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே நர்ஸம்மா கையால் மார்பைப் பரிசோதிப்பார், கருப்பை வாய்ப் பரிசோதனையும் செய்வார், காசு கிடையாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியதே எங்கள் மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான். பி.பி., சுகர் பார்க்க வீட்டுக்கு வருகிற அந்தப் பெண் ஊழியரிடமே கட்டியைப் பற்றியும் சொல்லலாம், எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார். யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.

வீட்டில் நீங்களே பார்ப்பது மாதவிலக்கு முடிந்த நாலைந்து நாளில். அப்போது மார்பு இளகியிருக்கும். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம், அக்கா மகளிர் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒண்ணாந்தேதி என்று சொல்லிவைத்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பாருங்கள், தோல் எங்காவது இழுக்கிறதா என்று. பிறகு நடு மூன்று விரல்களைத் தட்டையாக வைத்து, வட்டமாக அழுத்தி, காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை, அக்குள் உள்பட. விரல் நுனியால் கிள்ளிப் பார்த்தால் சதையெல்லாம் கட்டியாகத்தான் தெரியும். இது பழகப் பழகத்தான் உங்கள் உடம்பில் எது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியவரும். ஏதாவது புதிதாகத் தட்டுப்பட்டால் அடுத்த மாதவிலக்கு வரை மட்டும் பொறுக்கலாம், அதற்கும் கரையவில்லை என்றால் போய்விடுங்கள். திருவிழா, பரீட்சை, சீசன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு காலை நேரம் போதும்.

40 தாண்டியவர்கள் மாமோகிராம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், வயது குறைந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்ட்தான் தெளிவாகக் காட்டும். மாமோகிராமில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள், சில வினாடி வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மார்பிலும் அக்குளிலும் பவுடர், சென்ட் எதுவும் போடாதீர்கள், படத்தில் புள்ளியாக விழும். மேலே மட்டும் கழற்ற வசதியாகப் புடவையோ சுடிதாரோ கட்டிப் போங்கள், முழு நைட்டி வேண்டாம். முன்பு எடுத்த படம் இருந்தால் மறக்காமல் கொண்டு போங்கள், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத்தான் டாக்டர் பார்ப்பார்.